ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளை வாசிக்கக் கற்ற ஆண்டு: ஒன்றாம் வகுப்பு நிகழ்வு ஆய்வு

காவிரி டெல்டாவில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 2023–24 கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு சிறுமியைப் பற்றிய பதிவு இது. நான் அவளுடைய வகுப்பாசிரியை. வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். பெயருக்குப் பதில் 'சிறுமி' என்றே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான்காம், ஐந்தாம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் என்னிடம். அந்த ஆண்டு மூன்று வகுப்புக்கும் சேர்த்து 22 பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பில் 7 பேர்.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து இந்த மூன்று வகுப்பும் அரும்பு, மொட்டு, மலர் என்று அடிப்படையிலிருந்து மேலே போகும் நிலைகளாகப் பிரிந்து உட்கார்கின்றன. எந்த வகுப்பில் பெயர் இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு தெரியும் என்பதை வைத்தே பாடம் நடக்கும். கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்ததில் விட்டுப்போன அடிப்படையை மீட்டு, 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லாரும் பொருள் புரிந்து படிக்கவும் எளிய கணக்குப் போடவும் வேண்டும் என்பது அப்போது இலக்காக இருந்தது. இதில் ஒரு விளைவை யாரும் திட்டமிடவில்லை. இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலரும் அரும்பில் இருந்ததால், ஒன்றாம் வகுப்புப் பாட்டும் பாடமும் ஆண்டு முழுக்க அந்த அறையில் சத்தமாக ஓடிக்கொண்டே இருந்தன.

அங்கன்வாடி எங்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. சிறுமி நான்கு வயதில் அங்கேதான் இருந்தாள், அதாவது பெயரளவில். அவளுடைய அக்கா அப்போது என் அறையில் இரண்டாம் வகுப்பு. சிறுமி அங்கிருந்து நழுவி வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அங்கன்வாடி உதவியாளர் வந்து கூட்டிக்கொண்டு போவார், கொஞ்ச நேரத்தில் மறுபடி வாசற்படியில் நிற்பாள். வீட்டிலோ அக்காதான் டீச்சர், இவள்தான் வகுப்பு. அக்காவின் பழைய ஒன்றாம் வகுப்புப் புத்தகம் இவள் கையிலேயே கிடந்தது.

அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். அம்மா நடவு, களை, நூறு நாள் வேலை என்று எது கிடைக்கிறதோ அதற்குப் போவார். வீட்டில் தாத்தாவும் அப்பாயியும் உண்டு. தாத்தா எட்டாவது வரை படித்தவர், எழுத்து மேல் பற்று உள்ளவர். சிலேட்டும் பலப்பமும் வாங்கித் தந்தது அவர்தான்.

ஜூன்: சேர்க்கை

அந்த ஆண்டு வெயிலால் திறப்பு தள்ளிப்போய், தொடக்க வகுப்புகள் ஜூன் 14 அன்று தொடங்கின. அப்பா பிறப்புச் சான்றிதழோடு வந்தார். ஐந்து வயது முடிந்திருந்தது, சேர்க்கையில் சிக்கல் இல்லை. ஆனால் அவர் கேட்டது வேறு.

"டீச்சர், இவளுக்கு ஒண்ணாவது எதுக்கு? புஸ்தகம் பூரா படிக்கிறா. நேரா ரெண்டாவதுல போட்டுடுங்க."

சிறுமி புத்தகத்தைத் திறந்து, ஏற்ற இறக்கத்தோடு, முற்றுப்புள்ளி வந்த இடத்தில் குரலை இறக்கி, சரியான இடத்தில் பக்கம் புரட்டி நான்கைந்து பக்கம் படித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டிருந்த சத்துணவு அமைப்பாளர் கைதட்டினார். 'முதலில் ஒன்றாம் வகுப்பில் இருக்கட்டும், இரண்டு வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்றேன்.

முதல் வாரங்களில் கவனித்தவை

படிக்கும்போது அவளுடைய கண் படத்தில் இருந்தது, வரியில் இல்லை. பேச்சுவாக்கில் படத்தின் மேல் கையை வைத்து மறைத்தால் நின்றுவிடுவாள். கையை எடுத்தால் தொடர்வாள். விரல் வைத்துப் படிக்கச் சொன்னால் விரல் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போகும். வாக்கியம் முடிந்திருக்கும், விரல் வரியின் நடுவில் நிற்கும்.

அடுத்து ஒரு அட்டை செய்தேன். அவளுக்குத் தெரிந்த ஆட்டுப் படம், கீழே 'ஆடு தழை தின்றது' என்று எழுதினேன். அக்காவும் அவளும் பழகியிருந்தது 'இலை' என்ற சொல். கொஞ்சமும் தயங்காமல் 'ஆடு இலை தின்றது' என்றாள். 'பார்த்துப் படி' என்றேன். அதையே இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

அ முதல் ஔ வரை ஒரே மூச்சில் சொல்வாள். ஆனால் தனியாக 'எ' அட்டையைக் காட்டினால் உதடு அசையும். அ, ஆ, இ, ஈ என்று முதலிலிருந்து ஓடி வருவாள். சில நேரம் சரியான இடத்தில் நிற்பாள், சில நேரம் தாண்டிப் போய்விடுவாள். உறுதியாகத் தெரிந்தவை அவள் பெயரின் முதல் எழுத்து, அ, ம, ப, இன்னும் இரண்டு மூன்று.

அவள் வாசிக்கவில்லை என்பது தெளிவு. ஆனால் 'ஒன்றும் தெரியாது' என்று எழுதிவிடவும் முடியாது. மற்ற ஆறு பேரிடம் இல்லாத பல விஷயங்கள் அவளிடம் இருந்தன. புத்தகத்தை எந்தப் பக்கத்திலிருந்து திறப்பது, வரி எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது, எங்கே நிறுத்துவது எல்லாம் தெரியும். அதைவிடப் பெரிது, புத்தகத் தமிழ் அவள் காதில் ஏறியிருந்தது. 'சென்றான்', 'இருந்தது', 'அவர்கள்' போன்ற சொற்கள் ஐந்து வயதுப் பிள்ளைக்கு வீட்டில் கிடைப்பதில்லை. வீட்டில் 'போனான்', 'இருந்துச்சு', 'அவங்க'. ஒன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் திணறுவது எழுத்தில் மட்டுமில்லை, இந்தத் தமிழிலும்தான்.

பள்ளிக்கூடத்தில் இருப்பது என்ற விஷயம்தான் அவளுக்குச் சுத்தமாகப் பழக்கமில்லை. இரண்டு வருஷம் விருந்தாளியாக வந்து போனவள். வரிசையில் நிற்க மாட்டாள், இன்னொரு பிள்ளை பதில் சொல்லும்போது குறுக்கே சொல்லிவிடுவாள். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் என்னிடம் கேட்க மாட்டாள். அக்காவிடம் போய்க் காதில் சொல்வாள், அக்கா எழுந்து 'டீச்சர், பாப்பாவுக்கு வெளியே போகணுமாம்' என்பாள். தண்ணீர் பாட்டில் மூடியைக்கூட அக்காதான் திறந்து தர வேண்டும்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதலாவது, ஒன்றாம் வகுப்பிலேயே வைத்துக்கொள்வது. வயதும் அதற்குத்தான் பொருத்தம். இரண்டாம் வகுப்பில் போட்டால் ஒப்பிக்கும் திறமையை வைத்தே ஒரு வருஷம் தப்பித்துவிடுவாள், மூன்றாம் வகுப்பில் பாடம் நீளும்போது மாட்டிக்கொள்வாள். அப்படி மாட்டிக்கொண்ட பிள்ளைகளை முன்பே பார்த்திருக்கிறேன். அவர்கள் வெட்கத்தில் வாயையே மூடிக்கொள்வார்கள்.

இரண்டாவது, 'உனக்குப் படிக்கத் தெரியாது' என்று அவளிடம் சொல்வதில்லை. அவள் மனத்தில் அவள் படிக்கிற பிள்ளை. அந்த நினைப்பு எனக்கு வேண்டும். அதனால் பாட்டுக்கு முன்னால் நிற்கும் வேலையை அவளிடமே விட்டேன். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் 'சொல்லிக்கொடுக்கும்' வேலையை மட்டும் யாருக்கும் இல்லை என்று ஆக்கினேன்.

மூன்றாவதில் தலைமையாசிரியருக்கும் எனக்கும் கருத்து வேறுபட்டது. மனப்பாடம் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு, சிலேட்டில் 'அ'விலிருந்து தொடங்கலாம் என்பது அவர் யோசனை. பல ஆண்டு அனுபவம் உள்ளவர், அவர் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் இந்தப் பிள்ளைக்கு எழுத்து வரிசையும் இன்னொரு பாட்டாகத்தான் மாறியிருந்தது. 'எ'வைத் தேடி 'அ'விலிருந்து ஓடி வருபவளுக்கு அதே வரிசையை மறுபடி கொடுத்தால் ஓட்டம்தான் வேகமாகும். அதனால் அவளுக்கு ஏற்கெனவே மனப்பாடமான வரிகளையே வெட்டித் துண்டாக்கி, அதிலிருந்து சொல்லுக்கும் பிறகு எழுத்துக்கும் இறங்குவது என்று வைத்துக்கொண்டேன். சொல்லப்போவது என்ன என்று தெரிந்திருப்பதால், கண் எங்கே போகிறது என்பதில் மட்டும் அவள் கவனம் வைத்தால் போதும்.

நான்காவது, அக்காவிடமிருந்து பிரித்து உட்கார வைப்பது. அக்கா மலர் நிலை, இவள் அரும்பு. அதனால் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு என்ன சொல்வது என்பதும் இருந்தது. அம்மா ஒரு நாள் மாலை வந்தபோது, 'ஒப்பிக்கிறது நல்ல விஷயம்தாம்மா, எழுத்து இனிமேதான் வரணும், ஒண்ணாவதே இருக்கட்டும்' என்றேன். 'நீங்க பாத்துச் செய்யுங்க டீச்சர்' என்றார். அப்பாவுக்கு அது போய்ச் சேர்ந்தபோது 'ஒண்ணாவதே இருக்கட்டும்' மட்டும்தான் போயிருக்கிறது.

முதல் பருவம்: துண்டுச் சீட்டு

எங்கள் வகுப்பில் நாங்களே கட்டிப் பாடும் ஒரு பாட்டு உண்டு:

குளம் நிறைந்தது, வயல் நனைந்தது,
குருவி வந்தது, கூடு கட்டுது.

இதைப் பெரிய எழுத்தில் எழுதி, முதலில் வரியாக, அப்புறம் சொல்லாக வெட்டினேன். பிள்ளைகள் பாடிக்கொண்டே அடுக்க வேண்டும். சிறுமி முதல் சில நாள் பார்க்காமலே கைக்கு வந்ததை வரிசையாக வைத்துவிட்டு, சரியாகப் பாடி முடித்துவிடுவாள். அவள் வைத்ததை நான் உள்ளபடி வாசித்தேன்: 'வயல் நிறைந்தது, குளம் நனைந்தது, கூடு வந்தது, குருவி கட்டுது.' மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் 'தப்பு டீச்சர், நீங்க தப்பாப் படிக்கிறீங்க' என்றாள். சீட்டில் அப்படித்தான் இருக்கிறது என்பது அவளுக்குப் புரிய ஜூலை பாதி ஆகிவிட்டது.

மாற்றம் வந்தது குளத்திலும் குருவியிலும். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். 'ரெண்டுக்கும் முன்னாடி ஒண்ணுதான்' என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. 'கூடு' சீட்டைத் தேடி எடுத்து, 'இதுக்கு வேற மாதிரி' என்றாள். குறில் நெடில் வித்தியாசத்தை எழுத்தில் அவளாகவே பிடித்த இடம் அது. அன்றிலிருந்து கண் சீட்டுக்கு வரத் தொடங்கியது.

ஆகஸ்ட் 25 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அம்மா விடியும் முன்னே நடவுக்குப் போகும் நாள்களில் வெறும் வயிற்றோடும் தாமதமாகவும் வந்துகொண்டிருந்தவள், அதன் பிறகு எட்டேகாலுக்கே வந்தாள். சாப்பாடு முடிந்து பிரார்த்தனை மணி அடிக்கும் வரை கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை அரும்புப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினேன். 22 பேர் இருக்கும் அறையில் ஒரு பிள்ளையின் விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார வேறு நேரம் கிடையாது. அந்த வருஷம் நடந்த நல்லவற்றில் பாதிக்கு இந்தக் காலை நேரம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

எழுத்தில் அவள் இடறிய இடங்கள் தமிழ் படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் இடறும் இடங்கள்தான். 247 எழுத்தையும் யாரும் தனித்தனியாகக் கற்பதில்லை. துணைக்காலும் இகர விசிறியும் பிடிபட்டால் வரிசை வரிசையாக வந்துவிடும். உகரத்தில் அது செல்லாது. கு, பு, து மூன்றிலும் ஒரே உகரம், வடிவம் மூன்று விதம். அப்புறம் கொம்பு. 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலம் என்று விரல் வைத்துப் பழகிய பிள்ளை கொம்பிடம் வந்ததும் நின்றுபோகிறது. 'கொ' இன்னும் மோசம், இரண்டு பக்கமும் ஆள் நிற்கும்.

எழுத்துக்கூட்டும்போது வல்லினமும் தொல்லை கொடுத்தது. 'ப', 'ட', 'ம்' என்று தனித்தனியாக அழுத்திச் சொன்னால் 'பட்டம்' மாதிரிதான் காதில் விழுகிறது, 'படம்' வருவதில்லை. சேர்த்துச் சொன்ன பிறகு, 'இப்படி ஒரு சொல் எனக்குத் தெரியுமா' என்று அவளே ஒரு முறை தேட வேண்டும். அந்தத் தேடலை வேண்டுமென்றே விளையாட்டாக்கினோம்.

ஒரு புதிர் மட்டும் எனக்கு விளங்கவில்லை. 'லை' என்ற எழுத்தை வகுப்பில் சரியாகச் சொல்வாள், மறுநாள் வந்தால் தெரியாது என்பாள். சிலேட்டை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தாத்தா எழுதிக் கொடுத்திருந்தது முன்னால் வளைந்து ஏறும் பழைய லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பே பள்ளியை முடித்தவர் அவர், கை இன்னும் அப்படித்தான் போகிறது. அவர் மனம் கோணாமல், புதிய ணை, லை, ளை, னை எழுதிய அட்டை ஒன்றைச் சிறுமியிடமே கொடுத்து, தாத்தாவுக்குக் காட்டச் சொன்னேன். 'தாத்தா எழுத்து, டீச்சர் எழுத்து' என்று இரண்டு பெயர் வைத்து அவளே தீர்த்துக்கொண்டாள்.

எண்கள்

இங்கும் அதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றிலிருந்து நூறு வரை நிற்காமல் சொல்வாள். ஏழு புளியங்கொட்டையை எண்ணச் சொன்னால் ஒன்பது வரும், சிலதை இரண்டு முறை தொடுவாள். 'மொத்தம் எத்தனை?' என்றால் பதில் சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் அமரவில்லை.

இதைச் சரிசெய்ததில் பெரிய பங்கு அப்பாயிக்கு. வீட்டில் பல்லாங்குழி இருந்தது. குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும் ஆட்டத்தில் ஒரு குழியை விட்டாலோ இரண்டு போட்டாலோ அப்பாயி விடுவாரா? 'தினமும் ஒரு ஆட்டம் ஆடுங்க, அதுவே கணக்குப் பாடம்' என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. டிசம்பரில் இருபது பொருள் வரை பிசகாமல் எண்ணினாள், பத்துக் குச்சிக் கட்டோடு மூன்று தனிக் குச்சி வைத்தால் பதின்மூன்று என்றாள்.

இரண்டாம் பருவம்: பின்னடைவு போலத் தெரிந்த மாதங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் வந்தவள் வேறு பிள்ளையாக இருந்தாள். பழைய புத்தகத்தைக் கொடுத்தால் ஒப்பிக்கவில்லை. விரலை வைத்து 'கு... ள... ம்' என்று கூட்டினாள். கடகடவென்று ஓடிய வரியில் இப்போது நொண்டினாள். பாதியில் புத்தகத்தை மூடிவிட்டு 'எனக்கு வரல' என்று சொல்லத் தொடங்கினாள். ஜூனில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. பாட்டுக்கு முன்னால் நிற்பதையும் விட்டுவிட்டாள்.

என் கணக்கில் இது நல்ல செய்தி. எழுத்து என்ன சொல்கிறதோ அதைத்தான் சொல்ல வேண்டும் என்று புரிந்துவிட்டது, அதற்கேற்ற வேகம் இன்னும் வரவில்லை. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுதான் தெரியும்: நன்றாகப் படித்த பிள்ளை இப்போது படிக்கவில்லை.

தீபாவளிக்கு உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். வழக்கம்போலப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் விரல் வைத்துக் கூட்டத் தொடங்கி, இரண்டாவது வரியில் நின்று, அழுதுவிட்டாள். பள்ளி திறந்ததும் அப்பா வந்தார்.

"போன வருஷம் கடகடன்னு படிச்சவ டீச்சர் இவ. இப்ப ஒவ்வொரு எழுத்தா கூட்டிக்கிட்டு நிக்கிறா. பள்ளிக்கூடம் வந்து மறந்துட்டாளே! இங்கிலீஷ் மீடியம் வேன் நம்ம தெரு வரைக்கும் வருது. ஜனவரியில மாத்திடலாம்னு இருக்கேன்."

அவர் கோபம் நியாயமானது. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். விளக்கம் சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று தோன்றியது. வெள்ளைத்தாளும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, 'நீங்களே ஏதாவது எழுதுங்க, அவ இதுவரைக்கும் பாக்காத மாதிரி' என்றேன். கொஞ்சம் யோசித்து மூன்று வரி எழுதினார்:

வண்டி வயலில் நிக்குது.
அப்பா டீ குடித்தார்.
மழை வந்தால் லீவு.

சிறுமியைக் கூப்பிட்டு, நான் விலகி நின்றுகொண்டேன். முதல் வரி மெதுவாக வந்தது. 'நிக்குது' என்ற சொல் வந்ததும் முகம் மலர்ந்து, அதை மட்டும் ஒரே மூச்சில் சொன்னாள். இரண்டாவதில் 'குடித்தார்' என்பதைக் 'குடிச்சார்' என்றாள். விரல் சரியான இடத்தில்தான் இருந்தது. மூன்றாவதில் 'மழை'யில் நின்றாள். எழுத்தைச் சரியாகக் கூட்டிவிட்டு, அந்தச் சொல் என்னவென்று தெரியாமல் விழித்தாள். அவர்கள் வீட்டில் அது 'மள'. அப்பாவே 'மளடா பாப்பா' என்று எடுத்துக் கொடுத்தார். 'லீவு' அவளாகவே வந்தது.

அதே தாளை ஜூனில் கொடுத்திருந்தால் ஒரு சொல்கூட வந்திருக்காது என்று சொல்லி, ஆட்டுப் பட அட்டையின் கதையையும் சொன்னேன். அப்பா உடனே ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. 'சரி, இந்த வருஷம் பாப்போம்' என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. வீட்டுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் வைத்தேன்: கொஞ்ச காலத்துக்கு விருந்தாளிகள் முன் படிக்கச் சொல்ல வேண்டாம். அதற்குப் பதில் தினமும் ஒரு வரி எழுதி வைத்தால் போதும், அவள் வந்து படிப்பாள்.

அந்த 'நிக்குது' எனக்கும் ஒரு வழியைக் காட்டியது. அவள் பேசுகிற சொல்லே எழுத்தில் நின்றால், கூட்டிய ஒலி உடனே பொருளோடு சேர்ந்துவிடுகிறது. அன்றிலிருந்து ஜனவரி வரை அரும்புப் பிள்ளைகள் சொல்லும் வாக்கியத்தைச் சொன்னபடியே எழுதி, அதையே அவர்களுக்கு வாசிப்பு அட்டையாகக் கொடுத்தேன். 'அப்பாயி முறுக்கு சுட்டுச்சு', 'என் செருப்ப நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு' இப்படி. கொச்சையை எழுத்தில் பழக்குகிறோமே என்று தலைமையாசிரியர் தயங்கினார். வாசிக்க மட்டும்தான், எழுதும் பயிற்சிக்கு இல்லை, பொங்கலுக்குப் பிறகு பக்கத்திலேயே எழுத்துத் தமிழும் வரும் என்று பேசி முடிவு செய்தோம். இதில் இன்னும் எல்லா ஆசிரியர்களும் ஒத்துப்போக மாட்டார்கள். என் வகுப்பில் அது வேலை செய்தது.

மழை விடுமுறைகள் இடையிடையே வந்தன. ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் கொஞ்சம் மறந்துதான் வந்தாள். ஆனால் முழுதாகப் பின்னால் போகவில்லை.

மூன்றாம் பருவம்

ஜனவரிக்குப் பிறகு வேகம் கூடியது. ஒரே விஷயத்துக்கு இரண்டு அட்டை வைத்தோம். ஒன்றில் 'அப்பாயி முறுக்கு சுட்டுச்சு', மற்றதில் 'அப்பாயி முறுக்கு சுட்டார்'. மற்றவர்கள் இதில் தடுமாறினார்கள். சிறுமிக்குத் தடுமாற்றமே இல்லை. புத்தகத் தமிழ் காதில் ஏறியிருந்த அந்தப் பழைய மனப்பாடம் இங்கேதான் கைகொடுத்தது. செப்டம்பரில் எழுத்து அறிவதில் அவளை முந்தியிருந்த இரண்டு பிள்ளைகளை, பிப்ரவரியில் படித்ததைப் புரிந்து சொல்வதில் அவள் தாண்டிவிட்டாள்.

படிப்புக்கு வெளியே நடந்தவை எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டன. 'வெளியே போகணும் டீச்சர்' என்று என்னிடமே வந்து கேட்டாள். இன்னொரு பிள்ளை கூட்டிப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தாள், பதிலை எடுத்துக் கொடுக்கவில்லை. ஒரு நாள் அக்கா அவசரத்தில் ஒரு சொல்லை மாற்றிப் படித்தபோது, 'அப்படி இல்லக்கா, பாரு' என்று விரல் வைத்துக் காட்டினாள். அக்காவுக்குக் கோபம். எனக்கு அது அந்த ஆண்டின் நல்ல நாள்களில் ஒன்று.

ஏப்ரலில் நிலை

மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19 என்பதால் ஆண்டிறுதி மதிப்பீடு சீக்கிரமே முடிந்தது. அப்போது சிறுமி முன்பின் பார்க்காத நான்கைந்து சொல் வாக்கியங்களை மெதுவாக, பொருள் புரிந்து வாசித்தாள். கொம்பு எழுத்துகளில், முக்கியமாக ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இடையில், இன்னும் குழப்பம் இருந்தது. எழுதுவது வாசிப்பதைவிடப் பின்தங்கியிருந்தது. ல, ள, ழ வேறுபாடு சொல்வதெழுதலில் அநேகமாக இல்லை. இதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, வாயில் இல்லாத வேறுபாடு கைக்கு வர நாளாகும். கணக்கில் இருபதுக்குள் கூட்டல், கழித்தல் பொருளை வைத்துச் செய்தாள்.

ஒன்று குறைந்தது. புதிய பாட்டை ஒரே தடவை கேட்டுப் பிடிக்கும் அந்தப் பழைய வேகம் போய்விட்டது. இப்போது 'எழுதிக் காட்டுங்க டீச்சர்' என்கிறாள். இது வளர்ச்சியா இழப்பா என்று என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. பாட்டுக்கு முன்னால் நிற்பது ஜனவரியில் மறுபடி தொடங்கியது, ஆனால் முன்னைப்போல நாள் தவறாமல் இல்லை.

வேன் பேச்சு மறுபடி எழவில்லை. 2024 ஜூனில் எங்கள் பள்ளியிலேயே இரண்டாம் வகுப்புக்கு வந்தாள். அக்கா நான்காம் வகுப்புக்கு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

ஒன்றாம் வகுப்பின் ஏழு பேரில் ஒருவன் அந்த ஆண்டு பெரும்பாலும் பள்ளிக்கே வரவில்லை. அவனுக்கு இந்த முறைகள் எதுவும் உதவவில்லை. துண்டுச் சீட்டு எல்லாருக்கும் பொருந்தும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனப்பாடம் நிறைய உள்ள பிள்ளைக்கு அது பொருந்தியது.

இனி மாற்றிச் செய்பவை

வீட்டாரிடம் பேசும் நேரம் முதலில் மாறியது. எழுத்தைப் பார்க்கத் தொடங்கியதும் பிள்ளை சில மாதம் மெதுவாகப் படிக்கும், அது மறதி இல்லை என்று ஜூனிலேயே, முடிந்தால் அப்பா, அம்மா இருவரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன். தாத்தா பாட்டி எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வீடாக இருந்தால் இன்றைய எழுத்து வடிவ அட்டையும் அப்போதே போகிறது.

சேர்க்கையின்போது புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதில்லை. படம் இல்லாத அட்டை, படத்துக்கும் வரிக்கும் ஒரு சொல் வேறுபடும் அட்டை, அப்புறம் ஒரு கை புளியங்கொட்டை. இந்த மூன்றும் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடும். ஆண்டு நடுவே அவ்வப்போது நடத்தும் வளரறி மதிப்பீட்டிலும் வகுப்பில் பழகிய வரியோடு பழகாத வரி ஒன்றையும் சேர்க்கிறேன். பழகியது மட்டும் சரியாக வந்தால் அதை 'வாசிக்கிறாள்' என்று குறிப்பதில்லை.

அங்கன்வாடிப் பணியாளரோடு மாதம் ஒரு முறை உட்கார்ந்து பேசுகிறோம். எங்கள் அறைக்கு வரும் சிறு பிள்ளைகளைத் துரத்துவதில்லை, பாட்டு நேரத்தில் வரச் சொல்கிறோம். ஆனால் கழிப்பறைக்குக் கேட்பது, மூடி திறப்பது, முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் அக்கா அண்ணன் துணை இல்லாமல் அங்கேயே பழக வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அடுத்து சேர்ந்தவர்களில் இரண்டு பேர் புத்தகத்தை ஒப்பித்துக்கொண்டே வந்தார்கள். அவர்கள் வீட்டில் முதல் வாரமே பேசியாயிற்று. ஒரு வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில் இன்னும் இரண்டாம் வகுப்புதான் கேட்கிறார்கள்.